விக்ரோறியா மகாராணியின் முதுகுக்குப் பின்னால் ஒரு விடுதி

மொன்றியலில் ஷேர்புறூக் வீதியால் போகிறவர்கள், யூனிவர்சிற்றி வீதிச் சந்திக்குக் கிட்ட ஒரு சிலையைக் கண்டிருப்பீர்கள். பழைய சாம்பல் நிறக் கல்லுக் கட்டடம் ஒன்றின் வாசற்படிகளுக்கு முன்னால் விக்ரோறியா மகாராணி அமர்ந்திருக்கிறார். சிலையைச் செய்தவர் வேறு யாருமல்ல, அவருடைய சொந்த மகள் இளவரசி லூயிஸ். 1900ம் ஆண்டு திறந்து வைத்தார்கள். 2019ல் யாரோ இரவோடிரவாக வந்து மகாராணியின் மேல் பச்சைச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போனதால் பேப்பர்களிலும் படம் வந்தது. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் இலங்கைக்கும் மகாராணி இவர்தான் என்பதால், சாயம் ஊற்றியவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் வரவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன் :-)

ஆனால் நான் எழுத வந்தது மகாராணியைப் பற்றியல்ல, அவருடைய முதுகுக்குப் பின்னால் நிற்கிற கட்டடத்தைப் பற்றி. இப்போது அது மக்கில் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளி. உள்ளேயிருந்து வயலின் சத்தம் கேட்கும். கட்டியபோது அது பெண்பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கான விடுதியும் கல்லூரியும். பெயர் றோயல் விக்ரோறியாக் கல்லூரி. 1899ல் திறந்தது.

பழைய விடுதிக் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கல்லையும் கோபுரத்தையும் வர்ணிப்பார்கள். கொடுத்த கனவானின் பெயரைச் சொல்லி நன்றி சொல்வார்கள். அதோடு கதை முடிந்துவிடும். எனக்கு அப்படிப் பார்க்க வரவில்லை. ஒரு தேசம் யாரை உள்ளே எடுக்கிறது, என்ன நிபந்தனையோடு எடுக்கிறது, யாரை வாசலிலேயே நிற்பாட்டுகிறது என்பதை அறியக் குடிவரவுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டத் தேவையில்லை. அதன் பழைய விடுதிகளின் கதையைக் கேட்டாலே போதும். அந்தக் கதை எங்களுடைய கதைக்கு மிகவும் கிட்ட வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

கேட்டவர்களும் கொடுத்தவரும்

மக்கில் பல்கலைக்கழகம் 1821ல் சாசனம் பெற்றது. பெயருக்குரிய ஜேம்ஸ் மக்கில் தோல் வியாபாரி, பணக்காரர். கறுப்பின மக்களையும் பூர்வகுடி மக்களையும் அடிமைகளாக வைத்திருந்தவர். அறுபது வருடங்களுக்கு மேலாக அங்கே பட்டப்படிப்பு ஆண்களுக்கு மட்டும்தான்.

1884ம் ஆண்டு, புகுமுகத் தகுதிப் பரீட்சையில் திறமாகச் சித்தியடைந்த சில பெண்பிள்ளைகள் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் டோசனிடம் போய், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். கிறேஸ் றிச்சியும் ஹெலன் றீட்டும் அவர்களில் இருவர். டோசன் பெரிய புவியியல் அறிஞர். பெண் கல்விக்கு எதிரி என்று சொல்லமுடியாது. ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் இருந்து படிப்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தனி வகுப்பு என்றால் தனிச் செலவு. பணம் எங்கே?

அந்த நேரத்தில்தான் டொனால்ட் ஸ்மித் என்ற மனிதர் 50,000 டொலர் தந்தார். கனடாப் பள்ளிப் புத்தகங்களில் இவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1885 நவம்பர் 7ம் திகதி, கனேடியன் பசிபிக் ரெயில் பாதையின் கடைசி ஆணியைச் சுத்தியலால் அடிக்கிற வெள்ளைத் தாடிக்காரர் அவர்தான். ஸ்கொட்லாந்தில் பிறந்து, பதினெட்டு வயதில் ஹட்சன் பே கொம்பனிக்கு வேலைக்கு வந்து, லப்ரடோர் குளிரில் வருடக்கணக்காகக் கிடந்து, பிறகு பெரும் பணக்காரராகி, கடைசியில் ஸ்ரத்கோனாப் பிரபு ஆனவர்.

அவருடைய மனைவி இசபெல்லா ஹார்டிஸ்ரி தாய் வழியில் பூர்வகுடிக் கலப்புள்ளவர். தோல் வியாபாரக் கோட்டைகளில் பாதிரியார் இல்லாத காலத்து வழக்கப்படி நடந்த கலியாணம் அது. மொன்றியல் பெரிய மனிதர்களின் வீட்டுப் பெண்கள் அதைப் பற்றிக் கனகாலம் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். கணவன் பிரபுவான பிறகும் அந்தக் குசுகுசுப்பு நிற்கவில்லை. எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் "இவ எங்கத்தை ஆள்?" என்ற கேள்வி பின்னாலேயே வரும் என்பது எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்மித் கொடுத்த பணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பெண்களுக்குத் தனியாகத்தான் படிப்பிக்கவேண்டும். இதனால் என்ன நடந்தது தெரியுமோ? ஒரே பேராசிரியர் ஒரே பாடத்தை முதலில் ஆண்களுக்கும், பிறகு பெண்களுக்கும் என்று இரண்டு தரம் நடத்தினார். பெண்களின் வகுப்புகள் தொடங்கியது ரெட்பாத் அருங்காட்சியகத்தில். பழைய எலும்புகளுக்கும் கல்லுகளுக்கும் நடுவில் இருந்து படித்தார்கள்! மெய்யியல் பேராசிரியர் ஜோன் கிளார்க் மறே இது தேவையில்லாத வேலை, சேர்த்தே படிப்பிக்கலாம் என்று வெளிப்படையாகவே வாதாடினார். டோசனுக்கும் அவருக்கும் பெரிய பிரச்சினையாகப் போய்விட்டது.

அந்தப் பிள்ளைகளுக்கு "டொனால்டாக்கள்" என்று பட்டப்பெயர் வந்தது. பணம் கொடுத்த டொனால்டின் பெயரிலிருந்து. படிக்கிறவர் தன் சொந்தப் பெயரால் அறியப்படாமல், உதவி செய்தவரின் பெயரால் அறியப்படுவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "ஸ்பொன்சரில் வந்தவை", "கப்பலில் வந்தவை", "வெல்ஃபெயரில் இருக்கிறவை" என்று எங்களுக்கும் இப்படிப் பெயர்கள் உண்டு.

1888ல் முதல் அணியாக எட்டுப் பெண்கள் பட்டம் பெற்றார்கள். விடைபெறும் உரையை நிகழ்த்தியது கிறேஸ் றிச்சி. நன்றி சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். எல்லோரும் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவரோ மேடையில் நின்று, மருத்துவப் படிப்பையும் பெண்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார். மக்கில் திறக்கவில்லை. அவர் வேறு இடங்களில் படித்து, 1891ல் பிஷப்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவரானார். கியூபெக்கில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இதிலே கவனிக்கவேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. 1884ல் ஸ்மித் பெண்களின் படிப்புக்குக் கொடுத்தது 50,000 டொலர். அடுத்த வருடம், அவர் ஆணி அடித்த அதே வருடம், கனடா அரசாங்கம் உள்ளே வரும் ஒவ்வொரு சீனர் மீதும் 50 டொலர் தலைவரி போட்டது. அந்த ரெயில் பாதையின் மேற்குப் பகுதியை மலையைக் குடைந்து போட்டவர்கள் பதினையாயிரம் வரையான சீனத் தொழிலாளர்கள். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஆணி அடிக்கிற அந்தப் பிரபலமான படத்தில் ஒரு சீனரும் இல்லை. பாதை முடிந்ததும் வாசல் சாத்தப்பட்டது. தலைவரி 1903ல் 500 டொலராக ஏறியது. 1923ல் முழுத் தடை. 1947 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. ஒரு பக்கம் கதவு திறக்கிறபோது இன்னொரு பக்கம் கதவு சாத்தப்படுகிறது. இரண்டும் ஒரே காலம், ஒரே பணம்.

கல்லுக் கட்டடம்

வகுப்புகள் தொடங்கிப் பதினைந்து வருடத்தின் பிறகு, ஸ்மித் தன் செலவில் பெண்களுக்கென்று ஒரு முழுக் கல்லூரியையே கட்டிக் கொடுத்தார். வரைந்தவர் நியூயோர்க் கட்டடக் கலைஞர் புறூஸ் பிறைஸ். மொன்றியலின் வின்ட்சர் ரெயில் நிலையமும், கியூபெக் நகரத்தில் எல்லோரும் படம் எடுக்கிற சத்தோ புறொன்ரெனாக் ஹொட்டேலும் அவர் வரைந்தவைதான். படுக்கை அறைகள், சாப்பாட்டு மண்டபம், நூலகம், உடற்பயிற்சிக்கூடம், வகுப்பறைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

முதல் வார்டனாக இங்கிலாந்திலிருந்து ஹில்டா ஓக்லி வந்தார். ஒக்ஸ்போட்டில் மெய்யியல் படித்தவர். 1905 வரை இருந்தார். அவருக்குப் பின் எதெல் ஹேர்ல்பற் இருபது வருடங்களுக்கு மேல் அந்தக் கல்லூரியை நடத்தினார். நடுவில் இன்னும் சிலர் வந்துபோக, 1940லிருந்து 1962 வரை தாவரவியலாளர் மியூரியல் றொஸ்கோ. இவர்களின் பெயரை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் ஒரு படித்த பெண் பெரிய பல்கலைக்கழகத்தில் அதிகாரத்தோடு உட்காரக்கூடிய கதிரை மிகக் குறைவு. விடுதிப் பொறுப்பாளரின் கதிரை அப்படியான ஒன்று. பேராசிரியர் பதவி கொடுக்க யோசித்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பதவியைக் கொடுத்தார்கள். அந்தக் கதிரையில் இருந்துகொண்டே இந்தப் பெண்கள் பல்கலைக்கழக விடயங்களிலும் வாய் திறந்தார்கள்.

இன்னொரு விசித்திரம். பெண்களுக்கு 1899ல் விடுதி வந்துவிட்டது. மக்கிலின் நகர வளாகத்தில் ஆண்களுக்கென்று பல்கலைக்கழகம் கட்டிய டக்ளஸ் மண்டபம் வந்தது 1930களில்தான். இறையியல் கல்லூரிகளுக்குச் சொந்த விடுதிகள் இருந்தன. தீவின் மேற்கு முனையில் சென்ற் ஆன் டு பெல்வூவில், புகையிலை வியாபாரி வில்லியம் மக்டொனால்ட் 1907ல் திறந்த விவசாய, ஆசிரியர் கல்லூரியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதிகள் இருந்தன. (புகையிலையால் கோடீஸ்வரரான அந்த மனிதருக்குப் புகைபிடிப்பதே பிடிக்காதாம்!) ஆனால் நகரத்தில் படித்த சாதாரண ஆண் மாணவர்கள், பக்கத்துத் தெருக்களில் வாடகை அறை பிடித்து, வீட்டுக்காரியின் சூப்பைக் குடித்துக்கொண்டு படித்தார்கள்.

பெண்களுக்கு முதலில் கிடைத்தது ஏன்? மரியாதையால் மட்டுமா? இல்லை. பயத்தாலும்தான். ஆண் எங்கே படுத்தெழும்பினாலும் ஊர் கவலைப்படாது. பெண் என்றால் யாரோடு போகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள் என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இரவில் வெளியே போக அனுமதி வேண்டும். ஆக, அந்த அழகான கல்லுக் கட்டடம் ஒரு பாதுகாப்பு, ஒரு காவல், இரண்டும்தான். அகதி முகாமில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாக வருகிற விதம் நன்றாகத் தெரியும். வாசலில் நிற்கிறவர் உங்களைப் பாதுகாக்கிறாரா, பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கடைசிவரை பிரித்தறிய முடியாது.

ஹரியற் புறூக்ஸ்

இந்த விடுதியோடு சேர்ந்த ஒருவரை மட்டும் எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று நினைக்கிறேன். ஹரியற் புறூக்ஸ். 1876ல் ஒன்ராறியோவில் பிறந்தவர். உதவிப்பணம் பெற்று மக்கிலில் படித்து 1898ல் பட்டம் வாங்கினார். அதே வருடம் மொன்றியலுக்கு ஏர்னஸ்ற் றதர்போட் வருகிறார். அணுவின் உள்ளே என்ன இருக்கிறது என்று பிற்காலத்தில் உலகத்துக்குச் சொன்ன அதே றதர்போட். மக்கிலில் அவரோடு ஆராய்ச்சி செய்த முதல் பட்டதாரி மாணவி ஹரியற்.

ஆராய்ச்சி செய்தால் யார் சாப்பாடு போடுவது? 1899ல் புதிதாகத் திறந்த றோயல் விக்ரோறியாக் கல்லூரி அவரைக் கணிதம் படிப்பிக்கும் ரியூட்டராக எடுத்தது. ஒரு பக்கம் பிள்ளைகளுக்குப் பாடம், மறுபக்கம் ஆய்வுகூடம். தோரியத்திலிருந்து வெளிவரும் பொருள் ஒரு பாரமான வாயு என்று காட்டிய ஆரம்ப ஆய்வை 1901ல் றதர்போட்டும் அவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். இன்று நாங்கள் நிலக்கீழ் அறைகளில் அளந்து பார்க்கிற றேடன் வாயுவின் கதை அப்படித்தான் தொடங்கியது. அந்த வருடமே மக்கிலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண்.

பிறகு கேம்பிறிட்ஜ் போய் ஜே. ஜே. தொம்சனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துவிட்டு, 1903ல் திரும்பவும் இதே விடுதிக் கல்லூரிக்கு வந்தார். அடுத்துப் போனது நியூயோர்க்கில் ஒரு பெண்கள் கல்லூரி, பார்னாட். அங்கே 1906ல் அவருக்குக் கலியாணம் நிச்சயமானது. கல்லூரித் தலைவி, அவரும் ஒரு பெண்தான், கலியாணம் என்றால் வேலையை விட்டுவிடவேண்டும் என்றார். கலியாணம் கட்டிய காரணத்துக்காகத் தொழிலைக் கைவிடக்கூடாது, அதைக் காட்டவேண்டியது தன் கடமை என்று ஹரியற் எழுத்தில் பதில் கொடுத்தார். பலிக்கவில்லை. நிச்சயதார்த்தத்தையும் விட்டு, வேலையையும் விட்டு வெளியேறினார். பாரிசில் மேரி கியூரியின் ஆய்வுகூடத்தில் சிறிது காலம். 1907ல் வேறொருவரைக் கலியாணம் முடித்து மொன்றியலுக்கே வந்தவர், அதன்பிறகு இயற்பியல் பக்கம் போகவில்லை. 1933ல் இறந்தார்.

பெண்களுக்கென்று கட்டிய கூரை ஹரியற்றுக்கு ஒரு தொடக்கத்தைக் கொடுத்தது. பெண்களுக்கென்று கட்டிய இன்னொரு கூரைதான் அவரை வெளியே அனுப்பியது. கட்டடத்தின் பெயர்ப்பலகையில் யாருக்கென்று எழுதியிருக்கிறது என்பதை வைத்து அதன் குணத்தைச் சொல்லமுடியாது.

உடுவிலில் ஒரு விடுதி

இதை வாசிக்கிறபோது கனடாக்காரர் எவ்வளவு முன்னேற்றம் என்று சிலர் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். மொன்றியலில் பெண்களுக்கு விடுதி வந்தது 1899ல். யாழ்ப்பாணத்தில் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824ல். எழுபத்தைந்து வருடம் முந்தி! ஒன்று பல்கலைக்கழகம், மற்றது சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் வீட்டைவிட்டுப் பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவது என்ற யோசனை எங்கள் மண்ணுக்கு அவ்வளவு பழசு.

நடத்தியவர்கள் ஹரியற் வின்ஸ்லோவும் கணவர் மைறன் வின்ஸ்லோவும். மைறன் வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதி 1862ல் வந்தது, பலருக்குத் தெரிந்திருக்கும். முந்திய வருடம், 1823ல், வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கு செமினறி தொடங்கியிருந்தது. அங்கே படித்து வருகிற வாலிபர்களுக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பதும் உடுவில் பள்ளிக்கூடத்தின் நோக்கங்களில் ஒன்று. ஆரம்பத்தில் பிள்ளைகளை அனுப்ப ஆளில்லை. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற காலம். சாப்பாடு, உடுப்பு எல்லாம் இலவசம் என்றார்கள். அதுவும் போதாமல், படித்து முடித்துக் கலியாணம் செய்யும்போது சீதனமும் மிஷனே கொடுத்தது. சீதனத்தைக் காட்டிப் படிப்பித்த கதை உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமோ தெரியாது, யாழ்ப்பாணத்தில் நடந்தது!

இங்கேயும் நிபந்தனை இருந்தது. கூரையும் சோறும் தருவோம், எங்கள் வேதத்தைப் படிக்கவேண்டும். அங்கே டொனால்ட் ஸ்மித்தின் தனி வகுப்பு, இங்கே வேதாகமம். எலைசா அக்னியூ அம்மையார் நாற்பது வருடங்களுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் இருந்து, ஊருக்குத் திரும்பாமலே 1883ல் அங்கேயே இறந்தார். அவரிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள் என்பார்கள். படித்தவர்களில் பலர் மதம் மாறினார்கள், சிலர் வெளியே வந்து திரும்பத் திருநீறு பூசினார்கள், ஆனால் எல்லோருக்கும் எழுத வாசிக்கத் தெரிந்தது. நிபந்தனை போட்டவர் நினைத்தது ஒன்று. உள்ளே போனவர் எடுத்துக்கொண்டு வந்தது இன்னொன்று. பிறகு, சைவப் பிள்ளைகளுக்கும் இப்படியொன்று வேண்டும் என்று பொன்னம்பலம் இராமநாதன் 1913ல் பக்கத்திலேயே மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை விடுதியோடு தொடங்கினார்.

எங்கள் பெரியம்மா ஒருவர் உடுவில் போர்டிங்கில் படித்தவர். எண்பது வயதிலும் மணி அடித்ததுபோல விடிய ஐந்தரைக்கு எழும்பி, படுக்கை விரிப்பை மடிப்புக் குலையாமல் இழுத்து விடுவார். "போர்டிங் எப்பிடிப் பெரியம்மா?" என்று கேட்டால், "மறியல் மாதிரித்தான் இருந்தது தம்பி. ஆனால் அங்கைதான் எனக்கெண்டு ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் இருந்தது. கலியாணம் கட்டின பிறகு அதுவுமில்லை" என்பார். பெண்கள் விடுதிகளைப் பற்றி நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

வாசலில் நின்றவர்கள்

உள்ளே போனவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கதை பாதிதான். வெளியே நின்றவர்கள் யார்?

மோட் அபட் என்ற பெண் 1890ல் மக்கிலில் கலைப்பட்டம் பெற்றவர். மருத்துவம் படிக்க விண்ணப்பித்தபோது மறுத்தார்கள். கிறேஸ் றிச்சியைப் போல அவரும் பிஷப்ஸில் படித்து மருத்துவரானார். பிறவி இருதயக் கோளாறுகளைப் பற்றி உலகமே அவரிடம் கேட்கிற நிலைக்கு வந்தார். 1910ல் அதே மக்கில் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது. மாணவியாக எடுக்கமாட்டோம், மாலை மட்டும் போடுவோம்! பெண்களுக்கு அந்த மருத்துவ பீடம் திறந்தது 1918ல். அனி மக்டொனால்ட் லாங்ஸ்ரவ் 1914ல் மக்கிலில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண். கியூபெக் வழக்கறிஞர் சங்கம் 1941 வரை பெண்களை எடுக்கவில்லை. அவர் சாகும்வரை வழக்கறிஞராகவில்லை. 2006ல், இறந்து முப்பது வருடத்தின் பிறகு, சங்கத்தில் பெயரைச் சேர்த்தார்கள்.

யூதப் பிள்ளைகளின் கதை வேறு. 1920களின் பிற்பகுதியில் மக்கில் அவர்களுக்கு மட்டும் புகுமுகப் புள்ளியை உயர்த்தியது. மற்றவர்களுக்குப் போதுமான புள்ளி அவர்களுக்குப் போதாது. தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரிகிற எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1970களில் எங்களுக்கு நடந்ததன் சாயல், நாற்பது வருடம் முந்தி இந்த ஊரில் இருந்திருக்கிறது.

சரி, எங்களைச் செய்தவர்களைப் பற்றிச் சொன்னால் போதுமா? நாங்கள் செய்ததையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் 1930ஐ ஒட்டி, அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருந்து படிக்கவேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது, அதுவரை நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகள் வாங்கில் ஏறி இருக்கக்கூடாது என்று எத்தனை எதிர்ப்பு! பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். சம ஆசனம், சம போசனம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர் மேடை மேடையாகக் கத்தவேண்டியிருந்தது. விடுதியில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடமாக எங்களுக்கு இருந்தது. வெள்ளைக்காரன் கதவைச் சாத்தினான் என்று எழுதுகிறபோது, எங்கள் கையிலும் ஒரு திறப்பு இருந்தது, நாங்களும் பூட்டினோம் என்பதை மறைத்தால் அது வரலாறு அல்ல.

கூரை மாறும்போது

விடுதிகள் எப்போதும் விடுதிகளாகவே இருப்பதில்லை. 1995 ஒக்ரோபர் 30ம் திகதி வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் செம்மணி வெளியைக் கடந்தபோது, தென்மராட்சியில் பள்ளிக்கூடம் என்று இருந்ததெல்லாம் அகதி முகாமானது. வாங்குகளை இழுத்து மூலையில் அடுக்கிவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் படுத்தார்கள். படிக்கிற இடம் படுக்கிற இடமாகிறது, படுக்கிற இடம் பாடசாலையாகிறது. போர் வந்தால் கட்டடங்களின் உத்தியோகமும் மாறிவிடும்.

மொன்றியலிலும் இப்படி ஒன்று நடந்தது. டொனால்ட் ஸ்மித்தும் அவருடைய உறவினர் ஜோர்ஜ் ஸ்ரீபனும் சேர்ந்து பணம் கொடுத்து, மலைச்சரிவில் றோயல் விக்ரோறியா வைத்தியசாலையைக் கட்டினார்கள். 1893ல் திறந்தது. அதுவும் அதே மகாராணியின் பெயர், அதே சாம்பல் கல். 2015ல் வைத்தியசாலை வேறு இடத்துக்குப் போனது, கட்டடம் வெறுமையானது. 2017 கோடை காலத்தில், றொக்ஸம் பாதையால் அமெரிக்க எல்லையைக் கடந்து ஆயிரக்கணக்கில் அகதிகள் வந்தார்கள். பெரும்பாலானோர் ஹெயிற்றி மக்கள். ஒலிம்பிக் மைதானத்தில் கட்டில் போட்டும் போதவில்லை. அந்தப் பழைய வைத்தியசாலையைத் திறந்து அவர்களைத் தங்கவைத்தார்கள். பிரபுவின் பணத்தில் எழுந்த கூரையின் கீழ், பிரபு கனவிலும் நினைத்திராத ஆட்கள்.

எங்கள் ஆட்களின் கதையும் அப்படித்தான் தொடங்கியது. 1986 ஓகஸ்ற்றில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். பிறகு அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முந்தியும் பிந்தியும் வந்த எங்களில் பலர், முதல் சில கிழமைகளை யாரோ ஒருவர் கட்டிய, ஏதோ ஒரு நிபந்தனையோடு கிடைத்த கூரையின் கீழ்தான் கழித்தோம். நானும்தான். இரவு பத்துக்குப் பிறகு வெளியே போகக்கூடாது, அறையில் சமைக்கக்கூடாது, விருந்தாளி வரக்கூடாது. நன்றி சொல்லவும் வேண்டும். சொன்னோம். மனதாரத்தான் சொன்னோம். ஆனால் நன்றி சொல்லுவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல.

கிறேஸ் றிச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். பணம் கொடுத்த மனிதர் போட்ட நிபந்தனைப்படியே படித்தார். பட்டம் வாங்கிய அன்று, நன்றி சொல்லவேண்டிய மேடையில் நின்று, அடுத்த கதவைத் திற என்று கேட்டார். தனக்காக மட்டுமல்ல, பின்னால் வருகிற பிள்ளைகளுக்காக. முப்பது வருடம் கழித்துத்தான் அந்தக் கதவு திறந்தது. அவர் அன்றைக்குக் கேட்காவிட்டால் இன்னும் எத்தனை வருடம் போயிருக்குமோ?

இன்றைக்கு அகதியாக வருகிறவர்களைப் பார்த்து "உவை எல்லாம் ஏன் வருகினம், நாங்கள் வந்த காலம் வேறை" என்று எங்கள் ஆட்களே சொல்லுவதைக் கேட்கிறேன். கலியாண வீடுகளில், கடைகளில், கோயில் வீதியில். றொக்ஸம் பாதையை 2023 மார்ச்சில் மூடியபோது கைதட்டியவர்களிலும் எங்களவர் இருந்தார்கள். எனக்கு அப்போதெல்லாம் அந்தப் பார்னாட் கல்லூரித் தலைவியின் நினைவுதான் வரும். தானும் ஒரு காலத்தில் வாசலில் நின்ற இனத்தைச் சேர்ந்தவர், உள்ளே போய்க் கதிரை கிடைத்ததும் முதலில் செய்தது இன்னொரு பெண்ணுக்குக் கதவைச் சாத்தியது.

றோயல் விக்ரோறியாக் கல்லூரி என்ற பெயர் இன்னும் இருக்கிறது. பழைய கட்டடம் இசைக்குப் போய்விட்டது. 1960களில் பின்பக்கத்தில், யூனிவர்சிற்றி வீதியில் எழுந்த புதிய கட்டடத்தில் விடுதி தொடர்கிறது. பெண்களுக்கு மட்டும் என்றிருந்த அந்த விடுதி, இந்த நூற்றாண்டில் ஆண்களுக்கும் திறந்துவிட்டது. இலையுதிர் காலம் தொடங்கும்போது உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். அவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஸ்காபரோவிலிருந்து, பிறம்ப்ரனிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்தும்கூட.

உங்கள் பிள்ளையைக் கொண்டுபோய் அப்படியொரு விடுதியில் விடுகிற நாளில், கட்டிலுக்கு விரிப்பும் மிளகாய்த்தூள் போத்தலும் வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், இந்தக் கட்டடம் யாருடைய காசில் எழுந்தது, யார் கேட்டதால் திறந்தது, யார் யாரை உள்ளே விடவில்லை என்பதையும் ஒருதரம் சொல்லிவிட்டு வாருங்கள். உள்ளே போன பிள்ளைக்கு, வெளியே நிற்கிறவர் யார் என்று பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும்.